ராமேஸ்வரம் தீவில் மூன்று நாள்: கோயிலைத் தாண்டி என்ன செய்யலாம், யாரிடம் வாங்கலாம்?

ஜனவரிக் கடைசியில் வயதான பெற்றோரோடும் இரண்டு பிள்ளைகளோடும் மூன்று நாள் ராமேஸ்வரம் வருகிறீர்கள். கோயிலையும் தனுஷ்கோடியையும் தவிர வேறு என்ன செய்யலாம், செலவழிக்கிற காசு தீவுக்காரர் கைக்கே போக எங்கே வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. சுற்றுலாப் பலகைகளில் இருக்கிற இடப் பட்டியலை நான் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஒரே நாளில் பத்து இடம் சுற்றியவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறார்கள். இந்தத் தீவில் எங்கே போவது என்பதை அன்றைக்கு அடிக்கிற காற்று சொல்லும். என்ன சாப்பிடுவது, வாங்குவது என்பதை அன்றைய கிழமை சொல்லும். இந்த இரண்டும் பிடிபட்டால் மூன்று நாள் போதாது.

முதலில் காற்று. தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கை "பெண் கடல்" என்றும் தெற்கை "ஆண் கடல்" என்றும் சொல்வார்கள். ஒன்று சாது, மற்றது மூர்க்கம் என்று பொருள். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்குக் காற்று வீசுகிறபோது அது சரி. நீங்கள் வருகிற தை மாதத்தில் வாடைக் காற்று. அப்போது அலை அடிப்பது வடக்கில். தெற்குக் கடல் பல நாள் குளம்போல் கிடக்கும். பெயரை நம்பிப் பிள்ளைகளை வடகரையில் இறக்கிவிட்டு, தெற்கைக் கண்டு பயந்து விலகுவது இந்தப் பருவத்தில் தலைகீழான முடிவு. ஆனால் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு கடலும் சேர்கிற அந்த முனையில் மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் நீரோட்டம் இழுக்கும், மணல் சட்டென்று சரிந்து ஆழம் வரும். எந்த மாதமானாலும் அங்கே குளிக்கக் கூடாது. கால் நனைப்பதானாலும் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பிள்ளைகளோடு தண்ணீர்ப் பக்கம் எங்கே போவது? தை மாதத்தில் பாம்பனை அடுத்த குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் அமெரிக்கப் பயணம் முடிந்து இலங்கை வழியாக வந்து கரையிறங்கிய இடம் அது. நினைவு மண்டபம் ஒன்று இருக்கிறது. மண்டபத்தைவிட அங்கிருந்து தெரிகிற தெற்குக் கடலும் படகுகளும்தான் பார்க்க வேண்டியவை. எதிரே தெரிவது குருசடைத் தீவு. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. இந்தத் தீவுகளுக்குத் தனியார் படகில் போவது சட்டப்படி குற்றம். குருசடைக்கு வனத்துறையே சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. அது ஓடுவதும் ஓடாததும் கடலையும் துறையின் அன்றைய முடிவையும் பொறுத்தது. அதனால் முதல் நாளே மண்டபம் ஊரிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். வழியில் "நான் கூட்டிப் போகிறேன்" என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். படகில் போனால் பவளத்தை டிவியில் பார்க்கிற வண்ணத்தில் எதிர்பார்க்க வேண்டாம். 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறி இந்த வளைகுடாவில் பவளங்கள் வெளுத்திருக்கின்றன. மிச்சமிருப்பது தெரிவதும் தண்ணீர் தெளிந்திருந்தால்தான். முந்தின நாள் காற்று பலமாக இருந்தால் கலங்கல்தான் தெரியும். அன்று போகாமல் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கச்சத்தீவுக்கும் யாராவது படகு பேசினால் கேட்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரி - மார்ச்சில் வரும் அந்தோணியார் திருவிழாவுக்கு, முன்பே பதிவு செய்தவர்கள் மட்டும் போகலாம்.

அடுத்தது கிழமை. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. பாக் நீரிணை குறுகிய கடல் என்பதால் இருவர் வலையும் மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. விசைப்படகு மறுநாள் காலை திரும்பும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் துறைமுகம் களைகட்டும். இந்தக் கணக்கு குலையும் நாட்களும் உண்டு: வானிலை எச்சரிக்கை, அல்லது இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடித்ததைக் கண்டித்து வேலைநிறுத்தம். வேலைநிறுத்தமானால் நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் உங்களைப் பாதிக்காது.

கரையில் நடக்கிற ஏலத்தில் நீங்கள் நேரே எடுக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். பெரிய இறால், நீலக்கால் நண்டு, கணவாய் இவற்றில் நல்லது பெரும்பாலும் ஏற்றுமதிக் கம்பெனி ஆட்களுக்கே போகும். படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீன் அவருக்குத்தான். நீங்கள் வாங்க வேண்டியது, ஏலத்தில் எடுத்துக் கூறு போட்டு விற்கிற பெண்களிடம். மீனின் செவுளைத் தூக்கிப் பாருங்கள்: பழுப்பு இல்லாமல் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை மேலெழ வேண்டும். கண் உள்ளே போயிருந்தால் அது நேற்றைய மீன். நண்டில் ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கி, கனமானதை எடுங்கள். அமாவாசை நண்டு சதைப்பிடிப்பு, பௌர்ணமி நண்டு தண்ணி என்று சொல்வார்கள். நிலவை நம்பி ஏமாந்தவர் உண்டு, கனத்தை நம்பி ஏமாந்தவர் குறைவு. உண்மையில் நண்டு ஓடு கழற்றிய புதிதில்தான் உள்ளே சதை குறைவாக இருக்கும். அப்படிப்பட்ட நண்டின் அடிவயிற்று ஓட்டை அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும்.

விடுதியில் தங்குகிறவர் மீன் வாங்கி என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோயிலைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் சைவ உணவகங்கள். மீன் சாப்பாட்டுக்குப் பாம்பன், தங்கச்சிமடம் பக்கச் சிறு கடைகளுக்கோ தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளுக்கோ போக வேண்டும். தனுஷ்கோடியில் மசாலா தடவி அடுக்கியிருக்கிற மீனைக் காட்டச் சொல்லி, நீங்கள் தேர்ந்தெடுத்து, பொரிக்கப் போடும் முன்பே விலை பேசுங்கள். வாய்த்தகராறு எல்லாம் "ஒரு பிளேட்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டுப் பிறகு விலை கேட்பதில்தான் வருகிறது. எண்ணெய் கறுத்திருந்தால் குழம்புச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடியைப் பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். காசு நேரே போய்ச் சேருகிற இடம் அதுதான். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் ஊரையும் சேர்த்து அடித்துப் போனது. குடியிருக்கத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே குடிசை போட்டு இருக்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் ஜீப், வேன் வைத்து மணலில் ஆள் ஏற்றியவர்களின் பிழைப்பு போய், சாலையோரக் கடைகள் வந்தன. அந்தக் கடைகளில் இளநீர், பொரித்த மீன், சிப்பிப் பொருள் வாங்குவது அந்தக் குடும்பங்களுக்கு நேரடி வருமானம். கடலை ஒட்டிய மணலில் கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் ஊறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் அது சாத்தியமாகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அது அவர்கள் குடிக்கிற தண்ணீர். காலை, கையை விட வேண்டாம். தேவாலய இடிபாட்டுக் கல்லைப் பெயர்த்து எடுத்து வருகிற பழக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தடுங்கள்.

நகரிலிருந்து அரிச்சல்முனை இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். மாலை ஐந்து மணியை ஒட்டிப் போலீஸார் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். நேரம் அவர்கள் முடிவுப்படி மாறும். தை மாதத்தில் சூரியன் எழ ஆறரை தாண்டும். காலையிலேயே போனால் வெயில், கூட்டம், மணல் காற்று மூன்றிலும் தப்பலாம். பத்து மணிக்கு மேல் வாடை வலுத்தால் மணல் ஊசியாகக் குத்தும். பெரியவர்களுக்குக் கண்ணாடியும் துண்டும் வேண்டும். நிழல் கிடையாது, கழிப்பறை அரிது, பெற்றோரை வைத்துத் திட்டமிடுங்கள். வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழிகளில் இந்தப் பருவத்தில் பூநாரைகள் நிற்கும். 2025இல் அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. கூட்டம் எங்கே இருக்கும் என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது: முழங்கால் அளவுக்குக் கீழான ஆழம்தான் அவற்றுக்கு இரை தேடத் தோது. நல்ல மழை பெய்த ஆண்டில் கழி நிரம்பிப் பறவைகள் தள்ளிப் போய்விடும். இறங்கி நடந்தால் பறந்துவிடும். சாலையிலிருந்தே பாருங்கள், பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள். ஆமைக்குஞ்சு கடலில் விடுவதைப் பார்க்க ஜனவரி முன்கூட்டிய நேரம். பங்குனி ஆமை முட்டையிடத் தொடங்குவதே அப்போதுதான், பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும்.

வடகரையில் ஓலைக்குடா, சம்பை, வடகாடு பக்கம் போனால் இந்தத் தீவுக்கே உரிய இன்னொரு தொழில் கண்ணில் படும்: பாசி. இதில் இரண்டு வகை. ஒன்று, பெண்கள் கடலில் மூழ்கிப் பாறையிலிருந்து பறிக்கிற இயற்கைப் பாசி. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பெயர்கள். பாம்பன் சின்னப்பாலம் பெண்கள் இதில் பேர்போனவர்கள். பாறை கிழிக்காமல் விரலில் துணி சுற்றிக்கொண்டு, துடுப்புக்குப் பதில் காலில் தகடு கட்டிக்கொண்டு இறங்குவார்கள். இரண்டாவது, மூங்கில் மிதவையில் வளர்க்கிற பாசி. 2000ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் கொண்டுவந்ததால் "பெப்சி பாசி" என்றே பேர். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடிச் சதுர மிதவையில் இருபது கயிறு, சுமார் 60 கிலோ விதைப்பாசி. 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் வரும். மீன் கொறிக்காமல் அடியில் பழைய வலையைக் கட்டியிருப்பார்கள். காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வாடை அலை மிதவையை உடைக்கும், சித்திரை வெயிலில் தண்டு வெளுத்து முறியும். அதனால் ஆண்டு முழுக்க ஒரே வருமானம் இல்லை. ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்க்கிற பொருள் இதிலிருந்து எடுப்பது. குருசடை அருகே இது பவளத்தின் மேல் படர்ந்தது பதிவாகியிருக்கிறது. அந்தப் பாதிப்பு எவ்வளவு பெரியது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இது டிக்கெட் போட்டுக் காட்டுகிற இடம் இல்லை. காலையில் கரையில் பாசி காயப்போடுகிறவர்களிடம் கேட்டால் விளக்குவார்கள். ஈர உடையோடு கரையேறும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வாங்குவதற்கு வருவோம். சன்னதித் தெருக்களில் தொங்குகிற சிப்பி மாலை, வண்ணம் பூசிய சோழி, கண்ணாடிச் சட்டம் எல்லாமே இங்கே எடுத்தவை என்று எண்ண வேண்டாம். வெளியூர்ச் சரக்கும் கலந்திருக்கும். ஆட்டோக்காரர் கூட்டிப் போகிற கடையில் அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் விலையில் சேரும். சிப்பியை முகர்ந்து பாருங்கள். உள்ளே சதை சரியாகச் சுத்தம் செய்யாதது வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் நாறும். பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எந்த விலைக்கும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டவை அவை. சில பெரிய சங்கு, சிப்பி வகைகளும் அதில் உண்டு. பிடிபட்டால் விற்றவரோடு வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டும்.

வலம்புரிச் சங்கு என்று எடுத்துக் காட்டினால் வாய்க்குள் பாருங்கள். அசல் சங்கின் நடுத்தண்டில் குறுக்காக மூன்று, நான்கு மடிப்பு வரிகள் எழும்பி நிற்கும். அமெரிக்கக் கடலில் இயல்பாகவே வலம்புரிப் பக்கம் திரும்பி வளர்கிற வேறொரு நத்தையின் ஓடு வலம்புரி என்று விற்கப்படுகிறது. அதில் இந்த வரிகள் இருக்காது. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது, அரிசியில் வைத்தால் நகர்கிறது என்பதெல்லாம் சோதனையே இல்லை. எந்தக் குடுவையைக் காதில் வைத்தாலும் இரைச்சல் கேட்கும். அசல் வலம்புரி மிக அபூர்வம், தெருக்கடையில் சில நூறு ரூபாய்க்கு வராது. சாதாரணப் பூஜைச் சங்கு போதுமென்றால் அது நல்ல பொருள், வாங்கலாம்.

கருவாடு பாம்பன் பக்கம் வாங்குங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிகிற நெத்திலி நல்லது. வளைந்தால் ஈரம் மிச்சம். பெரிய துண்டுகளில் இளஞ்சிவப்பு படர்ந்திருந்தால் உப்பில் வளர்கிற கிருமி ஏறியது, விட்டுவிடுங்கள். செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டால் ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரர் முகம் சுளிக்க மாட்டார். வீட்டில் ஒருநாள் வெயில் காட்டிவிட்டு டப்பாவில் வையுங்கள். பனைப் பொருளில் இப்போது உங்கள் பருவத்துக்கு உரியது பனங்கிழங்கு. கட்டுக் கட்டாகக் கிடைக்கும், அவித்து உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிட வேண்டியதுதான். பதநீருக்கு இன்னும் நாள் இருக்கிறது. தையில் யாராவது பானையோடு உட்கார்ந்திருந்தால் உள்ளே இருப்பது சர்க்கரைத் தண்ணீரா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை. கருப்பட்டியும் போன பருவத்து இருப்பாகத்தான் இருக்கும். உடைத்துப் பாருங்கள்: உள்ளே சீனிக்கற்கள்போல் மின்னினால் சர்க்கரை கலந்தது. ஓலைப்பெட்டி, கொட்டான் எந்தப் பருவத்திலும் வாங்கலாம், பெரும்பாலும் பின்னினவரே விற்பார்.

கோயிலைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும். 22 தீர்த்தம் ஆடுவதானால் முதல் நாள் அதிகாலையே முடியுங்கள். ஈர உடையோடு சன்னிதிக்குள் விட மாட்டார்கள், மாற்றுடை கொண்டு போங்கள். கல்தரை முழுக்க ஈரம், பெற்றோர் வழுக்கி விழுகிற இடம் அதுதான். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூடவே வேண்டும். தீர்த்தத்துக்கான கட்டணம் கவுன்ட்டர் பலகையில் இருக்கும். வாளியோடு வந்து தனி ரேட் பேசுகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். செல்போன் உள்ளே எடுத்துப் போக முடியாது. தை அமாவாசை ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் வரும். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். விழுந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள், அறையும் கிடைக்காது, தெருவில் நடக்கவும் முடியாது.

பாம்பன் பாலத்தை ரயிலில் ஒருமுறையாவது கடந்துவிடுங்கள். 1914இல் திறந்த பழைய பாலம் 2022 டிசம்பரோடு ஓய்ந்தது. 2025 ஏப்ரல் 6 முதல் செங்குத்தாக மேலெழும் தூக்குப் பாலம் வந்திருக்கிறது. கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள், அதற்குக் கால அட்டவணை கிடையாது. 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது ஆபத்து. பாம்பன் முனையில் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். திரும்பும் வழியில் காரானால் தொண்டிச் சாலையில் காரங்காடு இருக்கிறது. ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிற அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம். காற்று படாத கழி என்பதால் வாடையிலும் பிள்ளைகளுக்குப் பயமில்லை. காலையிலேயே போங்கள், மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்பே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒரு தொழில். தங்கச்சிமடம் மணலில் மல்லிகைப் பதியன் போட்டு, நாற்றாகக் கட்டி வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். தோட்டக்காரர்கள் ராமநாதபுரம் குண்டுமல்லி என்று கேட்டு வாங்குவது இதைத்தான். வேர் வெள்ளையாக, ஒடியாமல் இருக்கிறதா என்று பார்த்துக் கட்டாக வாங்கலாம். ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்று வாங்குங்கள், முதல் நாளே வாங்கி அறையில் வைத்தால் வாடிவிடும். வேரை ஈரச் சாக்கில் சுற்றி, இலையில் காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். வீட்டில் மணல் கலந்த மண்ணில் நட்டு இரண்டு வாரம் நிழலில் வைத்து, புதுத் துளிர் வந்த பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள்.